ஏற்றத்தில் ஆடிய வண்டியும் சாந்தியின் பையும்

நம் சைக்கிள் ரிப்பேர் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அறிவுரை எழுத எனக்கு வராது. எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வரும். அதனால் நடந்த ஒன்றை எழுதுகிறேன். நடுவில் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதவர்களை நான் திட்டுவதில்லை, அவர்களிடம் பேசுவதே இல்லை.

சைக்கிளின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக்கைக் கழற்றுவது, சீல் மாற்றுவது, காற்று அடிப்பது இதெல்லாம் இதில் இருக்காது. அதை நம் கடை மெக்கானிக் இம்தியாஸ் பாய் காட்டித் தருவார். போனில் வீடியோவும் கொட்டிக் கிடக்கிறது. கை வேலை எல்லாருக்கும் வந்துவிடும். எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

பின்னால் ஷாக் வைத்த மலை சைக்கிளைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். மேடு ஏறும்போது குதிக்கிறது. பெடலை அழுத்தினால் சீட் கீழே போகிறது, விட்டால் மேலே வருகிறது. காலில் போடும் பலம் சக்கரத்துக்குப் போகாமல் ஷாக்கை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. பாவம், உண்மைதான். மூச்சு வாங்க ஏறுகிறவனுக்கு அந்த ஆட்டம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

நீங்கள் உடனே என்ன செய்கிறீர்கள்? பம்பை மாட்டி காற்றை ஏற்றுகிறீர்கள். அதுவும் போதவில்லையென்றால் ஷாக் பக்கத்தில் இருக்கும் லீவரைத் திருப்பி, அது அசையாதபடி லாக் போடுகிறீர்கள். பிறகு நீங்களே ஏறிக் கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "ஆய்த்து சார், ஆடல" என்று கொடுத்துவிடுகிறீர்கள். பெங்களூர் அடுகோடியில் நம் கடை வாசல் தட்டு மாதிரி இருக்கிறது. வண்டிக்காரர் ஏறப்போவது கல்லும் மண்ணும் சரிந்த மலை. ஓட்டிப் பார்த்தது உங்கள் உடம்பு. அங்கே ஏறப்போவது வேறு உடம்பு. இதற்குப் பெயர் சோதனையா?

நான் சொல்ல வந்தது சாந்தியைப் பற்றி. இங்கே பக்கத்தில் நீலசந்திராக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். நம் கடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு மருந்துக்கடைக்காக சைக்கிளில் வீடு வீடாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கியரே இல்லாத, இரும்பு மாதிரி கனக்கிற வண்டி. அதில் ஊர் சுற்றிச் சுற்றி அவளுக்குக் கால் தேக்குக்கட்டை ஆகிவிட்டது. கிரண் என்று ஒருவர், ஐ.டி. ஆட்களைச் சனி ஞாயிறுகளில் ஊருக்கு வெளியே மலைகளுக்கு சைக்கிளில் கூட்டிப்போகிற தொழில் நடத்துகிறார். கூட்டத்தில் பெண்களும் வருவதால் கூடவே போக ஒரு பெண் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். சாந்தியைப் பார்த்தார். கூட்டத்தின் கடைசியில் வந்து, பின்தங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கம்பெனி வண்டி ஒன்றையும் கொடுத்தார். ஆனால் வேலை நிரந்தரமில்லை. பழகட்டும், பார்க்கலாம் என்றார்.

அவள் முதல்முறை வந்தது குதிக்கிறது என்ற குறையோடு. நம் இம்தியாஸ் பாய் அவளை வண்டியில் உட்காரவைத்து, ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து, அவள் உடம்புக்குத் தகுந்த காற்று வைத்துக் கொடுத்தார். வேலையில் குறை இல்லை. அடுத்த வாரம் அதே குறையோடு வந்தாள். பாய் நிறையக் காற்று ஏற்றி, மேடு வந்தால் லாக் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது முறை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.

"இன்னாண்ணா, இங்க சைக்கிள் ரிப்பேர் பண்றீங்களா, ஊஞ்சல் கட்டித் தர்றீங்களா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"ஊஞ்சல்னா தனி ரேட்டும்மா" என்றார் பாய்.

"சிரிக்காதீங்க பாய். முன்னே குதிச்சுது. நீங்க காத்து ஏத்தினதும் குதிக்கல, வழுக்குது. கல்லு மேல பின்சக்கரம் சும்மா சுத்துது. பாதி மேட்டுல கால ஊணிட்டேன். கூட வந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்கோ."

"லாக் போட்டியா?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க!"

பிறகு குரல் இறங்கிப் பேசினாள். நாளைக்குச் சனிக்கிழமை. நாளைய ஏற்றத்தில் கூட்டத்தோடு மேலே போய்ச் சேரவில்லையென்றால் அவளை வண்டி ஓட்டும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு ஜீப்பில் போட்டுவிடுவதாகக் கிரண் சொல்லியிருக்கிறார். மலைமேல் வருகிறவர்களுக்கு டீ, பிஸ்கட், வாழைப்பழம் கொடுக்கிற வேலை.

"டீ ஊத்தறதுல தப்பில்லண்ணா. ஆனா டீ ஊத்தறதுக்கு நான் எதுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கணும்? எங்க அம்மா மூணு வீட்ல அதத்தான் செஞ்சாங்கோ."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கிரண் போன் பண்ணினார். அவர் கன்னடக்காரர், நம்மோடு பேசப்பேசத் தமிழ் பழகியவர். நல்ல மனிதர், அவசரக்காரர். "அண்ணா, அந்த லீவரை ஃபுல் லாக் மாடி கொடுங்க. சும்னே அது இது பண்ண வேண்டாம். ஆடக் கூடாது, அஷ்டே" என்றார். வேறெதுவும் செய்யாமல் முழுக்கப் பூட்டிவிடுங்கள், அவ்வளவுதான் என்று அர்த்தம். நான் "சரி, பார்க்கிறேன்" என்றேன். "சரி, செய்கிறேன்" என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பழகிக்கொள்ளுங்கள். பிழைப்புக்கு உதவும்.

மேட்டில் வரும் குறையைத் தட்டையில் பார்த்து என்ன பயன்? பக்கத்து அபார்ட்மெண்டில் கார்கள் கீழே இறங்குகிற சரிவு ஒன்று இருக்கிறது. வாட்ச்மேனைக் கேட்டேன். "கார் வந்தா நகரணும், செகரெட்டரி வந்தா ஓடணும்" என்று அனுமதி கொடுத்தார். சாந்தி ஏறினாள். பாய் அந்தப் புழுதியில் மல்லாந்து படுத்துக்கொண்டு போனில் ஷாக்கைப் படம் எடுத்தார். ஷாக் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். ஷாக் அமுங்கும்போது அதைத் தள்ளிவிட்டுப் போகும். எவ்வளவு தூரம் தள்ளப்பட்டதோ அவ்வளவு அமுங்கியது என்று கணக்கு. வளையம் நகரவே இல்லை. அவள் எடை குறைவு, பாய் ஏற்றிய காற்று அதிகம். ஷாக் கட்டை மாதிரி நின்றது.

பாய் கொஞ்சம் காற்றை இறக்கினார். மறுபடி ஏறினாள். வளையம் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது. ஆட்டமும் பெரிதாக இல்லை.

"சரியாத்தானே இருக்குது" என்றார் பாய், கீழே படுத்தபடியே.

"முதல் வாரமும் இப்படித்தானே வெச்சுக் குடுத்தீங்க. மலையில குதிச்சுதே?" என்றாள் சாந்தி.

எனக்குத் தலை சூடாகிவிட்டது. இங்கே சரியாக இருக்கிற வண்டி அங்கே போய் ஏன் ஆடுகிறது? மழை தூற ஆரம்பித்தது. அவளுடைய பை கடை வாசல் பெஞ்சில் நனையுமே என்று எடுத்து உள்ளே வைக்கப் போனேன். ஒரு கையால் தூக்கினேன். பை வரவில்லை. நான்தான் அதன் பக்கம் சாய்ந்தேன்.

நம் கடையில் ஒரு சட்டம் உண்டு, இன்றைக்கும் இருக்கிறது. முன்பு ஒருமுறை ஒருவருடைய லேப்டாப் பைமேல் செயின் ஆயில் கொட்டிப் பெரிய ரகளை ஆனதால், யார் வந்தாலும் பை, ஹெல்மெட் எல்லாம் வாசல் பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆக, மூன்று தடவையும் வண்டி உள்ளே வந்தது, சாந்தி உள்ளே வந்தாள், அந்தப் பை மட்டும் உள்ளே வரவே இல்லை. மலைக்கு மட்டும் அது அவள் முதுகில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சரிவுக்குப் போனேன். "இன்னா இது, கேஸ் சிலிண்டரா?"

"முதலுதவி பெட்டி, டியூபுங்க, பம்ப், டூல்ஸு, கயிறு, அப்புறம் தண்ணி. எல்லாருக்கும் எக்ஸ்ட்ரா தண்ணி. கடைசில வர்றவதானே எல்லாத்தையும் தூக்கணும்?"

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? உள்ள கால வெக்கறதுக்குள்ள பைய வெளிய வை, பைய வெளிய வைன்னு கத்தறீங்க!"

பாய் படுத்தபடியே சிரித்தார். சரிவு முழுக்க எதிரொலித்தது.

பையை மாட்டிக்கொண்டு ஏறச் சொன்னேன். இப்போது தெரிந்தது. அந்தக் கனம் முழுக்க சீட்டுக்குப் பின்பக்கம் விழுந்தது. வண்டியின் பின்பாகம் அமுங்கி உட்கார்ந்துகொண்டது, முன்சக்கரம் லேசாகிவிட்டது. பையின் இடுப்பு வார் தளர்ந்திருந்ததால், பெடலை அழுத்தும்போதெல்லாம் பையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனது. பை ஆட, உடம்பு ஆட, ஷாக் ஆட, ஒரே கூத்து. வளையம் தண்டின் கடைசிக்குப் போய் நின்றது. இன்னொன்றையும் பார்த்தேன். மருந்து வண்டி ஓட்டிய பழக்கம் அவளை விடவில்லை. கனமான கியரில் போட்டு, ஒவ்வொரு பெடலையும் உடம்பையே தூக்கிப் போட்டு மிதித்தாள். கியர் இல்லாத வண்டிக்கு அதுதான் சரி. ஷாக் வைத்த வண்டியில் ஒவ்வொரு மிதியும் ஷாக்கின் தலையில் விழுகிற குத்து.

மாற்றியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீரில் பாதியையும் டியூபுகளையும் பையிலிருந்து எடுத்து வண்டியின் சட்டத்திலேயே கட்டினோம். மீதிப் பையை அவள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் காற்று வைத்தோம். இடுப்பு வாரை இறுக்கினோம். சீட் கொஞ்சம் உயரமாக இருந்து இடுப்பு இழுத்துக்கொண்டிருந்தது, இறக்கினோம். லேசான கியரில் போட்டு, குத்தாமல் சுற்றச் சொன்னேன். "மாவாட்டற மாதிரியாண்ணா?" என்றாள். "நீ எப்ப மாவாட்டின? பாக்கெட் மாவுதானே வாங்குற" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினாள். சிரிக்கிறவர்களால் குத்தி மிதிக்க முடியாது. இதைப் பிறகு பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆட்டம் முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசி இருந்தது.

இங்கேதான் பாயும் நானும் சண்டை போட்டுக்கொண்டோம்.

"லாக் போட்டு அனுப்பிடலாம்ண்ணே. அந்தக் கால்வாசியும் போயிடும். வண்டி கிரணோடது, காசு கிரணோடது, லாக் பண்ணுன்னு கிரணே சொல்றார். நமக்கு இன்னா?"

"வழுக்குச்சின்னு சொன்னாளே."

"அது காத்து ஜாஸ்தியா இருந்ததால."

"காத்தும்தான், லாக்கும்தான். ரெண்டும் ஒண்ணுதான் பாய். கல்லு வந்தா சக்கரம் மேல போயிட்டு தரைக்குத் திரும்பி வரணும். நீ கட்டிப் போட்டா எப்படி வரும்?"

"நக்கோ அண்ணே, வேண்டாம். நாளைக்கு அவ ஏறலன்னா, லாக் போடாததுதான் காரணம்னு சொல்வார். நம்ம பேர்தான் கெடும்."

பாய் சொன்னதில் நியாயம் இருந்தது. முழுக்க லாக் போட்டு அவள் தோற்றால் சொன்னவர் பொறுப்பு. லாக் போடாமல் தோற்றால் நான் பொறுப்பு, அவளுக்கு ஜீப். உங்களுக்கும் இந்த இடம் வரும். அப்போது உங்கள் பெயரைக் காப்பாற்றுகிற வழியும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றுகிற வழியும் வேறு வேறாக இருக்கும். நான் லீவரை நடுவில் வைத்தேன். முழுக்கத் திறக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. மிதிக்கும் ஆட்டத்தை அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், கல் வந்தால் விட்டுக்கொடுக்கும். சாந்தியிடமும் சொன்னேன்.

"கொஞ்சம் ஆடும். ஆடுதேன்னு பயந்து லாக் போட்டுடாத. அந்த ஆட்டம்தான் சக்கரத்த தரையோட வெச்சிருக்குது."

"நிச்சயமாண்ணா?"

"நிச்சயமா தெரிஞ்சா நான் ஏன் நாளைக்கு ஜீப்ல வர்றேன்?"

மறுநாள் நானும் போனேன். ஊருக்கு வெளியே கனகபுரா பக்கம் ஒரு மலை. மேலே போக மண் பாதை, நடுவில் ஒரு வளைவு, வளைவுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு சரளை மேடு. கிரண் முன்னால் போனார். நடுவில் கூட்டம். கடைசியில் சாந்தி. அவளுக்குப் பின்னால் ஜீப்பில் நான். வளைவு வரை நன்றாக வந்தாள். லேசான கியரில் கால் சுற்றிக்கொண்டிருந்தது, பின்பக்கம் மெல்ல அமுங்கி எழுந்தது.

சரளை மேட்டின் பாதியில் பாலாஜி என்கிற பையன் நின்றுவிட்டான். கோயம்புத்தூர்க்காரன், சாஃப்ட்வேர் வேலை, அன்றுதான் முதல் மலை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். மேலேயிருந்து கிரண், "நிக்க வேண்டாம் சாந்தி, நீ வா, ஜீப் பார்த்துக்கும்!" என்று கத்தினார்.

சாந்தி நின்றுவிட்டாள்.

சரளை மேட்டில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். முதல் மிதியிலேயே சக்கரம் சுழன்றுவிடும். அதற்குமேல் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தள்ளிக்கொண்டு போனால் அவளுக்கு ஜீப்புதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் இறங்கி அவன் காலை நீட்டிவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க போங்கக்கா. என்னால உங்க வேலை கெட்டுடும்" என்றான் அவன். வேலை விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது போல.

"கால அசைங்க முதல்ல. வலிக்குதா? நல்லது, உயிரோட இருக்கீங்க" என்றாள். அவன் எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்த்த பிறகுதான் தன் வண்டியிடம் வந்தாள்.

ஜீப்பை விட்டு நான் இறங்கிவிட்டேன். உதவி செய்ய ஒன்றும் இல்லை, சும்மா உட்கார முடியவில்லை. அவள் குனிந்து லீவரைப் பார்த்தாள். கை அங்கே போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். சீட்டின் முனையில் உட்கார்ந்து, உடம்பை முன்னால் சாய்த்து, மெதுவாக மிதித்தாள். பின்பக்கம் அமுங்கியது. சக்கரம் ஒரு கல்லைத் தள்ளியது, அதே கல்லின் மேல் ஏறியது, மறுபக்கம் இறங்கி மண்ணைக் கவ்வியது. சுழலவில்லை. நான் என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. நல்ல வார்த்தையாக இருக்காது.

மேலே போய்ச் சேர்ந்தபோது கிரண் முகம் சிவந்திருந்தது. "நிக்க வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?" என்றார் அவளிடம்.

"சொன்னீங்க சார். அவர் நின்னார், நானும் நின்னேன். கடைசில வர்றவளுக்கு வேற இன்னா வேலை?"

கிரண் குனிந்து ஷாக்கைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "லாக் மாடச் சொன்னேனே அண்ணா?"

"சொன்னீங்க. பண்ணல. லாக்கா இருந்தா அந்த மேட்டுல திரும்பக் கிளம்பியிருக்க மாட்டா. என் மேல கோவம்னா என்கிட்ட கத்துங்க."

அவர் கத்தவில்லை. கிரணும் மலை ஓட்டி வளர்ந்தவர்தான். நின்ற இடத்திலிருந்து அவள் கிளம்பியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அவள் இறக்கிவைத்திருந்த பையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"அய்யோ, இஷ்டு வெயிட்டா, இவ்ளோவா?"

"பாதியத்தான் சார் தூக்கிட்டு வந்தேன். மீதி வண்டில கட்டியிருக்குது. எல்லாம் நீங்க எடுத்துக்கச் சொன்னதுதான்."

கிரண் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சரி. அடுத்த வாரத்திலிருந்து நீ முன்னாடி போ. லீடு பண்ணு. பின்னாடிக்கு வேற ஆள் பார்க்கலாம்."

"இது வேலை குடுக்கறதா சார், வேலைய மாத்தறதா?"

"குடுக்கறதுதான்ம்மா."

"அப்ப பின்னாடியே குடுங்க" என்றாள் சாந்தி. "முன்னாடி போறதுக்கு எல்லாரும் இருக்காங்கோ. நிக்கறவங்கள விட்டுட்டு மேல போறதுக்கு எனக்கு வராது."

அவளை ஜீப்பில் உட்காரவைத்து டீ கொடுக்கச் சொல்லலாம் என்று நினைத்திருந்த மனிதர் அவர். "சரி, பின்னாடியே இரு" என்று மண்ணில் உட்கார்ந்தார். அவள் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பையில் திணித்துக்கொண்டார். இடம் போதாமல் ஒன்றை என் கையில் கொடுத்தார்.

கீழே சரளை மேட்டில் பாலாஜி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. மறுபடி நின்று காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். சாந்தி ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு, வண்டியைத் திருப்பி, அவனிடம் இறங்கிப் போனாள்.